பொறுக்கிகள் கட்டிய வீடு!

"பொறுக்கி!"

நம் ஊரிலே ஒருவனை ஏச வேண்டுமா? இந்த ஒரு சொல் போதும். வேறு வசை தேட வேண்டியதில்லை. தெருவிலே கிடக்கும் தகரத்தையும் தாளையும் கந்தலையும் சேர்த்துக் கோணியிலே போட்டுக் காயலான் கடைக்குச் சுமந்து செல்கிறானே, அவன் செய்யும் தொழிலையே வசையாக்கி வைத்திருக்கிறோம். அவன் பொறுக்குவது நாம் எறிந்ததை. அவனுக்கு நாம் எறிவது ஏச்சை!

தோழர்களே, அந்தச் சொல்லைச் சற்றே கீழே வையுங்கள். பாரிசுப் பட்டணத்திலே பொறுக்கிகள் வீடு கட்டிய கதையைச் சொல்கிறேன். தங்களுக்காகக் கட்டிய வீடு அல்ல. முன்பின் அறியாதவர்களுக்காக, குளிரிலே விறைத்துக் கிடந்தவர்களுக்காகக் கட்டிய வீடு.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது 1945-இல். குண்டு விழுந்த ஊர்களை எடுத்துக்கட்டப் பிரான்சு மெல்ல மெல்ல நடந்தது. பிழைப்புத் தேடிப் பட்டணத்துக்கு வந்த மக்களோ ஓடி ஓடி வந்தனர். ஆலையிலே வேலை இருந்தது, கையிலே கூலி இருந்தது, தலைக்கு மேலே கூரை இல்லை! இதை நன்றாக மனத்திலே வாங்கிக்கொள்ளுங்கள். வீடற்றவன் என்றதும் சோம்பேறி, குடிகாரன், ஊர்சுற்றி என்றுதானே எண்ணுகிறோம்? அன்று பாரிசிலே வீடற்றுக் கிடந்தவர்களில் பலர் காலையிலே சங்கு ஊதியதும் வேலைக்குப் போனவர்கள். மனைவி மக்களோடு ஓர் ஓட்டல் அறையிலே ஒடுங்கி, கூலியிலே பெரும்பகுதியை அந்த ஓர் அறைக்கே கொட்டி அழுதவர்கள். ஒரு வாரம் வாடகை தவறினால் நடைபாதை. கூடாரத்திலே குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. ஓட்டை உடைசல் பேருந்திலே குடும்பம் நடத்தியவர்களும் உண்டு.

அப்போது ஒருவர் புறப்பட்டார். ஆன்றி குருயெஸ் என்பது அவர் பெயர். 1912-இல் லியோன் நகரத்திலே, பட்டு வணிகம் செய்த செல்வக் குடும்பத்திலே பிறந்தவர், பாதிரியார் ஆனவர், நாஜிகள் நாட்டைப் பிடித்திருந்த காலத்திலே தலைமறைவாக நின்று எதிர்த்தவர். மறைந்து வாழ்ந்தபோது பூண்ட பெயரே பிறகு நிலைத்துவிட்டது: அபே பியேர். அபே என்றால் அவர்கள் மொழியிலே பாதிரியாரைக் குறிக்கும் மரியாதைச் சொல். 1945-இல் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். 1950-இல் பிரெஸ்து நகரத்திலே வேலைநிறுத்தம் செய்த கட்டடத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு தொழிலாளி செத்தான். அதைக் கண்டித்துத் தம் கட்சியை விட்டே வெளியேறினார் அந்த உறுப்பினர்.

பாரிசுக்குக் கிழக்கே நெய்யி-பிளசான்ஸ் என்னும் இடத்திலே, பாழடைந்த பெரிய வீடு ஒன்றைப் பழுது பார்த்து அதிலே அவர் இருந்தார். அங்கே, 1949-இல், ஒரு மனிதனைப் பற்றிச் சேதி வந்தது. ஜார்ஜ் என்பது அவன் பெயர். கொலைக் குற்றத்துக்காகக் கடல் கடந்து, கயானாவின் தண்டனைக் குடியிருப்பிலே இளமையைத் தொலைத்துவிட்டுத் திரும்பியவன். திரும்பி வந்த ஊரிலே தனக்கென்று யாருமில்லை என்று கண்டு சாவைத் தேடினான். சாவும் அவனை ஏற்கவில்லை.

பாதிரியார் என்ன செய்திருப்பார்? நாலு நல்ல வார்த்தை, ஒரு கோப்பைக் கஞ்சி, ஒரு பழைய சட்டை என்றுதானே எதிர்பார்ப்போம்? அவர் சொன்னது வேறு. "உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்ட முயல்கிறேன், ஆள் போதவில்லை. சாவதற்கு முன்னே, வந்து எனக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறாயா?" என்ற பொருள்படக் கேட்டார்.

வந்தான் ஜார்ஜ்! பிச்சை கேட்க வரவில்லை. கை கொடுக்க வந்தான். எம்மாவுஸ் என்று பெயரிட்ட அந்த வீட்டின் முதல் தோழன் அவன்தான். பின்னாளிலே அவன் சொன்னதன் கருத்து இது: பணமோ வேலையோ தந்திருந்தால் நான் மறுபடியும் சாகத்தான் போயிருப்பேன், எனக்கு இல்லாதிருந்தது பிழைப்பதற்கு வழி மட்டும் அல்ல, பிழைத்திருப்பதற்கு ஒரு காரணம்.

அவனைப்போலப் பலர் சேர்ந்தனர். சிறை மீண்டவர், போர் மீண்டவர், வேலை இழந்தவர், குடும்பம் இழந்தவர். யார், எவர், என்ன குற்றம் என்று கேட்டு வாசலிலே நிறுத்தவில்லை. வேலை செய்ய இசைந்தால் உள்ளே வரலாம். தோழர் என்றே ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டனர்.

அது வரையிலே உறுப்பினர் சம்பளத்திலே உலை கொதித்தது. 1951-இல் பதவி போயிற்று, சம்பளமும் போயிற்று. அடுப்பு அணையும் நிலை. பாதிரியார் என்ன செய்தார்? யாருக்கும் சொல்லாமல் பாரிசுப் பெருவீதியிலே போய்க் கையேந்தினார்! தெரிந்ததும் கொதித்துவிட்டனர் தோழர்கள். எங்கள் வயிற்றுக்காக நீங்கள் பிச்சை எடுப்பதா? கூடாது! அவர்களிலே ஒருவன் முன்பு கந்தல் பொறுக்கிப் பிழைத்தவன். குப்பைத் தொட்டியிலே பணம் கிடக்கிறது, எடுக்கத் தெரிய வேண்டும், எடுக்க எனக்குத் தெரியும், வாருங்கள் என்றான்.

இந்த இடத்திலே கொஞ்சம் நிற்கிறேன். இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாம் பாதிரியார் என்று தொடங்கிப் பாதிரியார் என்று முடிப்பார்கள். வழி காட்டியவன் யார்? பெயர்கூட நிலைக்காத ஒரு பொறுக்கி!

அந்தத் தொழிலை எளிதென்று எண்ணாதீர்கள். நம் ஊர்க் காயலான் கடைக்காரரைக் கேளுங்கள், சொல்வார். கந்தல் எல்லாம் ஒரே கந்தல் அல்ல. கம்பளிக்கு ஒரு விலை, பருத்திக்கு ஒரு விலை. பித்தளையும் செம்பும் ஈயமும் இரும்போடு கலந்தால் நஷ்டம். தாளிலே ஈரம் ஏறினால் விலை விழும். உடைந்த நாற்காலிக்குக் கால் போட்டால் அது மறுபடியும் நாற்காலி; போடாவிட்டால் விறகு. விடியும் முன்னே எழுந்து, நாற்றத்திலே கைவிட்டு, தேடி, தேர்ந்து, கட்டி, சுமந்து, எடைபோட்டு விற்க வேண்டும். கண்ணுக்கும் வேலை, கைக்கும் வேலை, மூக்குக்குத்தான் தண்டனை! கந்தலை விற்ற காசிலே தங்கள் சோற்றுக்குப் போக மீந்ததைக் கொண்டு நிலம் வாங்கினர், மரம் வாங்கினர், வீடில்லாக் குடும்பங்களுக்குக் குடிசை எழுப்பினர். அனுமதிச் சீட்டுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. சர்க்கார் காகிதம் வருகிற வரையிலே கைக்குழந்தை குளிரைப் பொறுக்குமா? 1952-இல் வானொலியிலே நடந்த கேள்வி-பதில் போட்டி ஒன்றிலே கலந்துகொண்டு 2,56,000 பிராங்கு வென்றார் பாதிரியார். அதுவும் இந்த வேலைக்கே போயிற்று.

வந்தது 1954. வந்தது குளிர்.

நம் மார்கழிப் பனியை நினைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் கல்லாகும் குளிர். சனவரி 3-ஆம் நாள் இரவு, நெய்யி-பிளசான்சிலே பழைய பேருந்து ஒன்றிலே குடியிருந்த குடும்பத்தின் கைக்குழந்தை விறைத்துச் செத்தது. அதே வேளையிலே பாராளுமன்றத்தின் மேல் சபையிலே என்ன நடந்தது? வீடற்றவர்களுக்கு அவசரக் குடியிருப்புகள் கட்ட 100 கோடி பிராங்கு ஒதுக்கலாமா என்ற பேச்சு. வேண்டாம் என்ற முடிவு! கதகதப்பான மண்டபத்திலே, மெத்தை வைத்த நாற்காலியிலே அமர்ந்து, வேண்டாம் என்றனர்.

'பிகாரோ' ஏட்டிலே வீட்டுவசதி அமைச்சருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார் பாதிரியார். இன்ன நாளிலே குழந்தையை அடக்கம் செய்கிறோம். நீங்களும் வந்தால் நல்லது என்றார். ஏச்சில்லை, பேச்சில்லை, அந்த ஒரு வரியே சாட்டை. அமைச்சர் வந்தார். சனவரி 7-ஆம் நாள், சிறிய சவப்பெட்டியின் பின்னே ஏழைகளோடு நடந்தார். பேருந்திலும் கூடாரத்திலும் குடித்தனம் எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணாலே கண்டார்.

மாதம் முடிவதற்குள் குளிர் மேலும் முற்றியது. பிப்ரவரி முதல் நாள், விடியற்காலை மூன்று மணி. செபாஸ்தபோல் பெருவீதியின் நடைபாதையிலே ஒரு பெண் செத்துக் கிடந்தாள். கையிலே ஒரு காகிதம். காதலன் கடிதமா? கோயில் சீட்டா? அல்ல! இரண்டு நாளைக்கு முன்னே அவளை வீட்டை விட்டு வெளியேற்றிய உத்தரவு! உயிர் போனது, உத்தரவு போகவில்லை.

அன்று பகல், லக்சம்பர்க் வானொலியிலே பாதிரியாரின் குரல் கேட்டது. உதவி என்று அலறியது. ஆனால் எவ்வளவு கணக்காக அலறியது, பாருங்கள்! 5,000 கம்பளிகள் வேண்டும். 300 பெரிய கூடாரங்கள் வேண்டும். 200 அடுப்புகள் வேண்டும். லா போயெசித் தெருவிலே உள்ள ரோச்செஸ்டர் ஓட்டலுக்குக் கொண்டு வாருங்கள். இரவு பதினொரு மணிக்குத் தொண்டர்களும் லாரிகளும் சேன்த்-செனவியேவ் குன்றிலே உள்ள கூடாரத்தின் முன்னே கூடுங்கள். இன்றிரவு பாரிசின் தார்ச்சாலையிலே ஒருவரும் உறங்கக் கூடாது. கண்ணீரை மட்டும் கேட்கவில்லை. கம்பளியைக் கேட்டார், கைகளைக் கேட்டார், நேரத்தையும் இடத்தையும் சொல்லிக் கேட்டார். மேடையேறிப் பேசும் நம்மவர்கள், நானும் சேர்த்துத்தான், இதைக் கவனிக்க வேண்டும். உருக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவது நம் வழக்கம். உருகியவன் எங்கே போய் நிற்பது என்று சொல்ல மறந்துவிடுகிறோம்!

வந்தார்கள்! கம்பளியோடு வந்தார்கள், காசோடு வந்தார்கள், உடுத்த கோட்டையே கழற்றிக் கொடுத்தார்கள். ஓட்டலின் கூடம் நிறைந்தது, மாடி நிறைந்தது. இடம் போதாமல், வழக்கொழிந்து கிடந்த ஓர்சே ரயில் நிலையத்தையும் திறந்துவிட்டார்கள். இன்று உலகத்தார் சீட்டு வாங்கிக்கொண்டு போய் ஓவியம் பார்க்கிறார்களே, அதே கட்டடம்தான். 1986 முதல் அது கலைக்கூடம். அன்று அங்கே மலையாய்க் குவிந்திருந்தவை பழைய கோட்டுகளும் போர்வைகளும். சேர்ந்த பணம் 50 கோடி பிராங்கு என்று கணக்கு. உலகைச் சிரிக்க வைத்த சார்லி சாப்ளினும் அதே ஆண்டு 20 லட்சம் பிராங்கு தந்தார். தானம் என்று சொல்லவில்லை அந்தக் கலைஞர். நான் நடித்துக் காட்டிய நாடோடிக்கு உரியதைத் திருப்பித் தருகிறேன் என்ற கருத்திலே பேசினார். லண்டனிலே பசியோடு வளர்ந்த பிள்ளையல்லவா!

சனவரியிலே 100 கோடிக்கு வேண்டாம் என்ற அதே பாராளுமன்றம், சில வாரங்களிலே ஆயிரம் கோடி பிராங்கு ஒதுக்கியது. எதிர்ப்பே இல்லை! 1956 டிசம்பரிலே ஒரு சட்டமும் வந்தது: கடுங்குளிர்க் காலத்திலே குடியிருப்பவரை வீட்டை விட்டு வெளியேற்றலாகாது. இன்றும் நவம்பர் முதல் நாளிலிருந்து மார்ச்சு முடிய அந்தப் பாதுகாப்பு உண்டு.

படம் பிடித்தார்கள், பாதிரியாரைப் பிடித்தார்கள். தாடி, தொப்பி, கைத்தடி, கறுப்பு அங்கி. அந்த உருவம் உலகெங்கும் போயிற்று. 1989-இல் திரைப்படமே எடுத்தார்கள். பிரெஞ்சு மக்கள் மிகவும் நேசிக்கும் மனிதர் யார் என்ற கணிப்பிலே பல முறை முதலிடம் அவருக்கே.

குவிந்த கோட்டுகளைப் பிரித்தது யார்? சொல்லுங்கள்! மலை போலக் குவிந்ததைக் கொடுப்பவனா பிரிப்பான்? சிறுபிள்ளைக்கு எது, பெரியவருக்கு எது, எது துவைக்க, எது தைக்க, எது எரிக்க என்று கண்ட மாத்திரத்திலே பிரிக்கத் தெரிந்த கைகள் ஏற்கெனவே இருந்தன. குப்பைத் தொட்டியிலே பயின்ற கைகள். இரவு பதினொரு மணிக்கு லாரியோடு வந்து, பாலத்தடியிலும் நடைபாதையிலும் கிடந்தவர்களைத் தூக்கி வந்தவர்கள் இருந்தார்கள். விடிந்ததும் அவர்களும் ஆலைக்குத்தானே போயிருப்பார்கள், கடைக்குத்தானே போயிருப்பார்கள்? அவர்கள் படம் எங்கே?

லூசி கூத்தாஸ் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். 1899-இல் பிறந்தவர். கிரெனோபில் நகரத்திலே தொழிற்சங்க வேலை பார்த்தவர். போர்க்காலத்திலே, காவலர் தேடிய பாதிரியாருக்கு ஒளிய இடம் தந்தவர். அன்று தொடங்கி 1982-இல் மறையும் வரையிலே, ஏறத்தாழ நாற்பது ஆண்டு, அந்த இயக்கத்தின் கணக்கும் கடிதமும் உலையும் ஒழுங்கும் இந்த அம்மையாரின் பொறுப்பு. தொடங்கியவர்களில் ஒருவர் என்று இன்று எழுதுகிறார்கள். அன்று எழுதியது என்ன? செயலாளர். சிலர் அதையும் எழுதவில்லை! எஸ்தெவில் என்னும் சிற்றூரின் இடுகாட்டிலே, கந்தல் பொறுக்கிய தோழர்களோடு சேர்ந்து உறங்குகிறார்.

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. நுவாசி-லெ-கிரான் என்ற இடத்திலே அவசரத்துக்கென்று அரைவட்டக் கொட்டகைகள் போட்டுக் குடும்பங்களை வைத்தார்கள். அவசரம் ஆண்டுக்கணக்காயிற்று. சேறு, நாற்றம், கொட்டகை, அங்கேயே பிள்ளைப்பேறு, அங்கேயே சாவு. பாரிசுச் சீமாட்டிகள் கஞ்சி கொண்டுவந்து ஊற்றிவிட்டு மனநிறைவோடு திரும்பினார்கள். 1956-இல் அங்கே வந்து சேர்ந்தவர் ஜோசப் விரெசின்ஸ்கி. அவரும் பாதிரியார்தான், ஆனால் வறுமையிலே பிறந்து வறுமையிலே வளர்ந்தவர். முதலிலே அவர் நிறுத்தியது எதைத் தெரியுமா? அந்தக் கஞ்சியை! இவர்களுக்கு வேண்டியது கஞ்சியை விட மரியாதை என்றார். நூலகம் வைத்தார், பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார், கொட்டகைவாசிகளையே கூட்டி அவர்கள் சங்கத்தை அவர்களே நடத்த வைத்தார். ஏழை வாசலிலே வரிசையிலே நிற்க, வள்ளல் படம் எடுத்துக்கொள்ளும் தொண்டைக் கண்டால் எனக்குக் கூசும். அவருக்கும் அப்படியே கூசியிருக்க வேண்டும்.

இனி, இதைவிடக் கசப்பானது.

அபே பியேர் 2007-இல் மறைந்தார். நாடே அழுதது. பதினேழு ஆண்டு கழிந்து, 2024 சூலையிலே, ஓர் அறிக்கை வெளிவந்தது. வெளியிட்டது பகைவர் அல்ல. எம்மாவுஸ் இயக்கமும் அவர் பெயரால் இயங்கிய அறக்கட்டளையும்தான். அவர் தம்மிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்று ஏழு பெண்கள் சொன்ன வாக்குமூலம் அதிலே இருந்தது. அது வெளியானதும் வாய் திறந்தவர் பலர். 2025 சனவரிக்குள் 33 பேரின் வாக்குமூலங்கள் சேர்ந்தன. ஐம்பதுகளில் தொடங்கி அவர் முதுமை வரையிலே நடந்தவை. அவர்களிலே சிலர் யார்? தொண்டு செய்ய வந்தவர்கள்! அந்த இயக்கத்திலேயே தொண்டராகவும் ஊழியராகவும் இருந்தவர்கள்! செத்தவரைக் கூண்டிலே ஏற்ற முடியாது. ஆனால் சொன்னவர்களை நம்பியது இயக்கம். அதை மறைக்காமல் ஊரறியச் சொன்னது.

என்ன செய்வது? ஏழைக்கு வீடு கட்டினாரே, அதற்காக இதைப் பொறுத்துக்கொள்ளலாமே என்று சிலர் முணுமுணுத்தார்கள். யாருடைய வேதனையை யார் பொறுப்பது? பொறுத்துக்கொள் என்று அந்தப் பெண்களிடம் சொல்ல எவனுக்கும் உரிமையில்லை. வேறு சிலர் அவர் கெட்டார், ஆகவே அந்தத் தொண்டும் கெட்டது என்றார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. அந்தத் தொண்டு அவர் சொத்தா என்ன? விடியும் முன்னே எழுந்து தொட்டியிலே கைவிட்டவன் அவரா? ஆயிரக்கணக்கானவரின் முதுகெலும்பை ஒருவரின் தாடிக்குள்ளே ஒளித்துவைத்தது யார்? படம் எடுத்தவர்கள், எழுதியவர்கள், கைதட்டியவர்கள்! அந்தக் கைதட்டலின் ஓசையிலேதான் அந்தப் பெண்களின் குரல் கேட்காமல் போயிற்று. பீடத்திலே ஏற்றப்பட்டவனைப் பற்றிக் கீழே நிற்பவள் குறை சொன்னால் எவன் காதிலே விழும்?

மேடையிலே நிற்பவனுக்கு மாலை விழுகிறது. மேடைக்குக் கம்பு நட்டவன், பசை வாளியோடு இரவெல்லாம் சுவரொட்டி ஒட்டியவன், கூட்டம் கலைந்த பிறகு நாற்காலியை மடக்கி வண்டியிலே ஏற்றுபவன் — அவன் கழுத்து வெறுங்கழுத்து. இதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. நாற்காலி மடக்கிய கைகள்தானே இதைப் படித்துக்கொண்டிருக்கின்றன! வீடற்றவனுக்குத் துணை நிற்கும் தொண்டனை எப்படிச் சிறப்பிப்பது என்று என்னிடம் கேட்டால், பொன்னாடை வேண்டாம் என்பேன். அவன் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அவன் குறை சொன்னால் காது கொடுங்கள். உழைப்புக்கு உரியதைக் கொடுங்கள். 2023-இல் பிரான்சின் வடக்கே, எம்மாவுஸ் கூடம் ஒன்றிலேயே, குடியுரிமைக் காகிதம் இல்லாத தோழர்கள் எங்களைச் சுரண்டுகிறார்கள் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். தொண்டு என்ற பெயருக்குள்ளேயும் முதலாளி புகுந்துகொள்வான், விழிப்பு வேண்டும்.

அறக்கட்டளையின் பலகையிலிருந்து பாதிரியாரின் பெயரை எடுத்துவிட்டார்கள். 2025 முதல் அதற்கு வேறு பெயர். வசதியற்றோரின் வீட்டுவசதிக்கான அறக்கட்டளை என்று பொருள். ஆள் பெயர் போய் வேலையின் பெயர் வந்திருக்கிறது. எஸ்தெவிலிலே அவர் வாழ்ந்த வீட்டை நினைவகம் ஆக்கியிருந்தார்கள், அதையும் மூடிவிட்டார்கள். தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் சூட்டிய பெயரைப் பல ஊர்களிலே கழற்றுகிறார்கள்.

எம்மாவுஸ் கூடங்கள் மட்டும் மூடவில்லை. சுமார் 40 நாடுகளிலே இருக்கின்றன. வீடு வீடாகப் போய் வேண்டாத பொருளை வாங்கி வருகிறார்கள். முற்றத்திலே கொட்டிப் பிரிக்கிறார்கள். உடைந்த நாற்காலிக்குக் கால் போடுகிறார்கள், ஓடாத சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டுகிறார்கள். மலிவு விலையிலே ஏழைகளுக்கே விற்கிறார்கள். செய்பவர்கள் நேற்று வரையிலே நடைபாதையிலே படுத்தவர்கள். ஜார்ஜ் என்பவன் யார் என்று அவர்களிலே எத்தனை பேருக்குத் தெரியுமோ! அவன் செய்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.